தேதித் தாளின் பின்பக்கம்

மடத்து முற்றத்தில் பாய் விரித்துப் புளி காயப் போட்டிருந்தார்கள். சாமி ஒரு கருங்கல்லை முன்னால் போட்டு உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

காலை பஸ்ஸில் வந்து இறங்கிய சௌந்திரபாண்டி ஒரு தகரப் பெட்டியோடு உள்ளே வந்தார். பாம்புக் கூடையைத் தூக்குகிறவர் போல அதை உடம்பில் படாமல் பிடித்திருந்தார். முற்றத்தில் இறக்கிவைத்த பிறகும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார அவருக்கு மனசு வரவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

சௌந்திரபாண்டிக்குச் சிவகாசியில் ஒரு பட்டறை இருந்தது. காலண்டர் அட்டையில் தேதித் தாள்களின் கட்டை வைத்து அடித்துக் கொடுக்கும் வேலை. வயது ஐம்பத்தெட்டு. சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதனால் குரு சிஷ்யரை அண்ணாச்சி என்றார், சிஷ்யர் குருவைச் சாமி என்றார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

"அமாவாசைக்குத்தானே வருவீங்க. இன்னைக்கு என்ன அண்ணாச்சி?"

"இந்தப் பெட்டிய நீங்க வச்சுக்கணும் சாமி."

"உள்ள என்ன?"

"அய்யநாதன் அண்ணாச்சி எழுதினது எல்லாம்."

சுத்தியல் ஒரு தட்டுத் தவறிக் கல்லில் விழுந்தது.

"அதை ஏன் இங்க கொண்டுவந்தீங்க?"

"வீட்டுல வச்சுக்கப் பயமா இருக்கு சாமி."

அய்யநாதன் யார் என்று சொல்லிவிட வேண்டும். அவர் தீட்சை வாங்கியவர் இல்லை. தாடி கிடையாது, காவி கிடையாது. காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். பஞ்சாங்கத்தை ஒரு பக்கம், அச்சான தாளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, திதி சரியா, நட்சத்திரம் சரியா, ராகு காலம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேலை விட்டு வந்ததும் வீட்டில் உட்கார்ந்து தத்துவம் எழுதுவார். கேட்க ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார். ஊரில் பாதிப் பேர் அவரைக் கண்டால் தெரு மாறிப் போனார்கள். மாறாமல் நின்றவர் சௌந்திரபாண்டி ஒருவர்தான். இருவருமாகத்தான் அமாவாசைக்கு மடத்துக்கு வருவார்கள்.

சிவகாசியில் ஆடி மாதமே அடுத்த வருஷம் அச்சாகிவிடும். கட்டுக் கட்டாகக் கோடவுனில் கிடக்கும். அதைத் தினமும் பார்த்த அய்யநாதனுக்கு ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டது. நாம் நாளை நோக்கிப் போகவில்லை, நாள்தான் நம்மை நோக்கி வருகிறது. நடக்கப்போவது எல்லாம் முன்பே புறப்பட்டாகிவிட்டது. வழியில் வந்துகொண்டிருக்கிறது. இதற்கு அவர் 'எதிர்வரவு' என்று பெயர் வைத்திருந்தார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். கேட்கிறவருக்கு முதுகில் சில்லென்று இருக்கும்.

போன கார்த்திகையில் அவர் காலமானார். மனைவி முன்பே போய்விட்டாள், பிள்ளைகள் என்று யாரும் வரவில்லை. வீட்டுக்காரர்தான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியில் சாக்பீஸால் சௌந்திரபாண்டியின் பெயர் எழுதியிருந்தது.

"திறந்து பார்த்தீங்களா?" என்றார் சாமி.

"பார்த்துட்டேன் சாமி. பார்த்திருக்கக் கூடாது."

பெட்டி நிறையத் தேதித் தாள்கள். தினசரி காலண்டரில் நாம் கிழித்துப் போடுகிறோமே, அதே தாள். முன்பக்கம் தேதியும் கிழமையும் நல்ல நேரமும். பின்பக்கம் அய்யநாதனின் பொடி எழுத்து. சில தாள்களில் வட்டமும் கோடுமாக ஏதோ சக்கரம். சிலவற்றில் மூச்சு எந்த நாசியில் ஓடியது என்ற குறிப்பு. சிலவற்றில் ஒரே ஒரு வரி.

திறந்த அன்று சௌந்திரபாண்டி மேலாக இருந்த தாள்கட்டை எடுத்தார். இந்த வருஷத்துத் தேதிகள். கார்த்திகையில் செத்தவர், தைக்கும் மாசிக்கும் பங்குனிக்கும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"முதல்ல ஒரு தாளு சாமி. மேற்குச் சுவர் நனைந்தது அப்படின்னு எழுதியிருந்தாரு. தாளைத் திருப்பித் தேதியப் பார்த்தா முந்தின நாளு. அன்னைக்குத்தான் எங்க வீட்டுல குழாய் உடைஞ்சு மேற்குச் சுவரெல்லாம் தண்ணி."

"சரி."

"அடுத்ததுல, கறுப்பு நாய் வாசலில் படுத்தது, எழவில்லைன்னு இருந்துச்சு. அந்தத் தேதியில எங்க தெருவுல ஒரு நாய் அடிபட்டுச் செத்துப்போச்சு."

"கறுப்பு நாயா?"

சௌந்திரபாண்டி யோசித்தார். "சாம்பல் நிறம். சாக்கடையில விழுந்து கிடந்ததால கறுப்பாத்தான் தெரிஞ்சுது."

தென்னையில் இடி விழுந்தது என்று ஒரு தாள் இருந்தது. அவருக்குத் தென்னை கிடையாது. அரபு தேசத்திலிருந்து சொந்தக்காரன் வருவான் என்று ஒன்று இருந்தது. யாரும் வரவில்லை. அவற்றை அவர் சாமியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பயந்த மனசு தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டது.

"மூணாவது?" என்றார் சாமி.

சௌந்திரபாண்டி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காக மடித்திருந்தார். முன்பக்கம் வருகிற பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. பின்பக்கம் ஒரே வரி.

மதுரைக்குப் போன பிள்ளை திரும்பவில்லை.

சாமி அதை வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளை அவரிடமே கொடுத்தார்.

"அந்த வியாழக்கிழமைதான் சாமி செல்விக்கு ஆபரேஷன்."

முத்துச்செல்வி அவருடைய ஒரே மகள். மதுரையில் வாக்கப்பட்டவள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வருஷம் ஒன்றாகிவிட்டது. முகம் வீங்கி, தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் அளவு பார்க்கிற நிலைமை. வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் அப்பாவினுடையதுதான் பொருந்தியது. பொருந்தியது என்று தெரிந்த அன்று சௌந்திரபாண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். அது சந்தோஷ அழுகைதான். அரசாங்க அனுமதி வந்து, நாளும் குறித்தாகிவிட்டது. அவர் போய்ப் படுக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஆஸ்பத்திரிக்கு என்ன சொன்னீங்க?"

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல சாமி."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"இந்தத் தேதி போனா அடுத்து எப்பன்னு சொல்ல முடியாதுங்காங்க. அவ உடம்பு அதுவரைக்கும் தாங்குமான்னு டாக்டரே யோசிக்கிறாரு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணும். நான் எப்படி சாமி சொல்லுவேன்? தெரிஞ்சே பிள்ளையக் கொண்டுபோய் அந்த நாளுக்குள்ள விடவா?"

அவர் மேலும் சொன்னார். வீட்டுக் காலண்டரில் அந்த வியாழக்கிழமையை மட்டும் தேடிப் பிடித்துக் கிழித்து எடுத்துவிட்டாராம். மறுநாள் ஆபரேஷன் தேதியைப் புரட்டிப் பார்க்கப்போன மனைவி, புதனுக்குப் பிறகு வெள்ளி இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் அவரைக் கேட்டிருக்கிறாள். பட்டறைக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். விற்காமல் திரும்பிவந்த காலண்டர்கள் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த வியாழக்கிழமை இருந்தது. அந்த நாளைத் தன் கையாலேயே அட்டையில் அடித்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறோம் என்று தோன்றியதும் எழுந்து வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து பட்டறைக்கும் போவதில்லை.

சாமி ஒரு புளியை எடுத்துத் தட்டினார். கொட்டையைத் தனியாகப் போட்டார்.

"உங்க வீட்டுல மளிகைச் சீட்டு எதுல எழுதுவாங்க அண்ணாச்சி?"

"இதென்ன சாமி கேள்வி. வேஸ்ட் தாள்லதான்."

"என்ன வேஸ்ட்?"

"காலண்டர் வேஸ்ட். மை சிந்தினது, வெட்டு சாஞ்சது. அச்சகத்துல அள்ளிக் கொடுப்பாங்க. எங்க ஊருல எல்லா வீட்டுலயும் அதான்."

"அதுல என்ன தேதி இருக்கும்?"

"எதாச்சும் இருக்கும். அடுத்த வருஷத்துது..."

சௌந்திரபாண்டி நிறுத்தினார்.

"சித்திரை மாசத் தாள்ல துவரம்பருப்பு அரைக் கிலோன்னு எழுதினா, சித்திரை வரைக்குமா காத்திருப்பீங்க?"

அவர் கையில் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. வியாழக்கிழமை என்ற எழுத்தின் மேல் ஒரு மைத் திட்டு. கழிவுத் தாள் என்று அவர் பட்டறைப் பெண்கள்கூட ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். இத்தனை வருஷம் தாளிலேயே புழங்கிய மனிதருக்கு இந்தத் தாள் மட்டும் தாளாகத் தெரியாமல் போயிருந்தது.

கொஞ்ச நேரம் அவர் முகம் தெளிந்தது. பிறகு மறுபடியும் இருண்டது.

"அது மளிகை சாமி. இது அவரு எழுதினது."

"அதனால?"

"நீங்க சொல்றது புரியுது. புரிஞ்சும் பயம் போகல. எத்தனையோ தாள் இருக்க இந்தத் தாள்ல எதுக்கு அந்த வரி வரணும்? அவரு கையை யாரோ பிடிச்சு எழுத வச்சிருந்தா?"

சாமி சுத்தியலைக் கீழே வைத்தார். அதை வைத்ததும் முற்றம் அமைதியாகிவிட்டது. சௌந்திரபாண்டிக்கு அந்த அமைதியும் பிடிக்கவில்லை.

"பெட்டியத் திறங்க."

"வேண்டாம் சாமி."

"மேல உள்ளத நான் கேட்கல. அடியில இருக்கிறது. பழைய வருஷத்துது. அதைப் படிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நடந்து முடிஞ்ச தேதியில என்ன இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"இப்பப் படிங்க."

பெட்டியின் மூடி துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. அடியிலிருந்த கட்டுகளின் சணல் தொட்டதும் அறுந்தது. தாள்கள் பழுத்து, ஓரம் பொடிந்திருந்தன. சௌந்திரபாண்டி ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு சக்கரம். அதற்குள் பன்னிரண்டு கட்டம். அடுத்த தாளில், வருகிறதைத் தடுக்க முடியாது, விலகி நிற்க முடியுமா என்று ஒரு கேள்வி. அதற்கு அடியில், முடியாது, முடியாது, முடியாது என்று தாள் முடிகிற வரைக்கும்.

பிறகு ஒரு தாள். ஏதோ ஒரு பழைய ஐப்பசி. மதுரைக்குப் போன பிள்ளை திரும்பவில்லை.

அவர் கை நின்றது.

"மேல போங்க," என்றார் சாமி.

வேறு வருஷம், மார்கழி. மதுரைக்குப் போன பிள்ளை திரும்பவில்லை. வேறொரு வருஷம், ஆனி. அதே வரி. அடுத்த கட்டில் அதுவே இரண்டு தாளில். சில இடத்தில் பென்சில், சில இடத்தில் பேனா. எழுத்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்தது.

சௌந்திரபாண்டி தாள்களைப் பாயில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். ஒரு வரி ஒருமுறை வந்தால் பயம். வருஷா வருஷம் தேடித் தேடி வந்தால் அதற்கு என்ன பெயர்? யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது போலவும், கடைசியில் தன் வீட்டுக் கதவு திறந்துகொண்டது போலவும் அவருக்கு இருந்தது.

"இது என்ன சாமி? யாரு அந்தப் பிள்ள?"

"பொன்ராணி."

"யாரு?"

"அய்யநாதன் அண்ணாச்சியோட மக."

"அவருக்குப் பிள்ளையே கிடையாதே!"

"உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

சௌந்திரபாண்டி யோசித்துப் பார்த்தார். அய்யநாதன் அப்படிச் சொன்னதில்லை. இவர்தான் கேட்டதில்லை. காலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று மணிக்கணக்காகப் பேசிய இரண்டு பேரும், உமக்கு எத்தனை பிள்ளை என்று ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

சாமி சொன்னார். குரலை ஏற்றாமல், புளிக் கணக்கு சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார்.

"சிவகாசிக்கு வர்றதுக்கு முன்னால அவரு கம்பத்துல ஒரு அச்சாபீஸ்ல காலண்டர் புரூஃப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்தப் பிள்ளைக்கு வயித்துவலி. குடல்வால் வீங்கியிருக்கு, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கன்னு அங்க உள்ள டாக்டர் சொல்லிட்டாரு. மத்தியான நேரம். வாசல்ல வண்டி வந்து நிக்குது. இவரு சுவத்துல தாளைப் பார்த்தாரு. கரிநாள்னு போட்டிருந்துச்சு."

"ஐயோ."

"கரிநாள் கழியட்டும், விடிஞ்சதும் போகலாம்னுட்டாரு. அந்த அம்மா கால்ல விழுந்து கெஞ்சியிருக்கு. வலியில அந்தப் பிள்ளையும், போவோம்ப்பா போவோம்ப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. விடிஞ்சுச்சு. நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் வச்சு, வண்டி புறப்பட்டுச்சு. உசிலம்பட்டி தாண்டல."

சௌந்திரபாண்டி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தக் கரிநாளுக்குப் புரூஃப் பார்த்தது அவரேதான்," என்றார் சாமி.

காற்றில் பாயிலிருந்த தாள்கள் லேசாக அசைந்தன. ஒன்று பறந்து புளிக்குள் போயிற்று. சாமி அதை எடுத்துத் தட்டி, மற்றவற்றோடு வைத்தார்.

"உங்ககிட்ட வந்து இதைச் சொன்னாரா சாமி?"

"முதல்ல வந்தப்பவே சொன்னாரு. சொல்லிட்டு ஒண்ணு கேட்டாரு. பிள்ளையக் கொன்னது அந்த நாளா, நானான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. அவரு பதில் கேட்டு வரல. நாள்தான்னு என்னைச் சொல்ல வச்சுட்டுப் போக வந்தாரு. நான் சொல்லல. அதான் அவரே எழுதிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. நாளு தன்னால வருது, யாராலயும் தடுக்க முடியாதுன்னு ஆயிட்டா, அவருமேல தப்பு இல்லையே."

"எதிர்வரவு," என்றார் சௌந்திரபாண்டி மெதுவாக.

"அதுக்குப் பேரு எதுவா இருந்தா என்ன அண்ணாச்சி."

அப்போது சௌந்திரபாண்டியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். எடுக்காமல் சாமியைப் பார்த்தார். சாமி வேறு பக்கம் பார்த்தார். நாலைந்து முறை அடித்த பிறகு காதில் வைத்தார்.

"சொல்லு தாயி."

அமைதியான இடம் என்பதால் மறுமுனைக் குரல் சாமிக்கும் கேட்டது. களைத்த குரல். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"அப்பா, காய்ச்சல் விட்டுச்சா?"

"ம்."

"அம்மாவுக்குப் போன் போட்டேன். நீங்க எங்கயோ வெளிய போயிட்டீங்கன்னு சொன்னாங்க. காய்ச்சலோட எதுக்குப்பா அலையிறீங்க? பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைக்கச் சொல்லுங்க. வெந்நீர் குடிங்க."

"சரிம்மா."

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்த வியாழக்கிழமை இல்லாட்டி என்ன. உங்க உடம்பு தேறட்டும். நான் இருந்துக்கிடுவேன்ப்பா."

போன் நின்ற பிறகும் அவர் அதைக் காதிலேயே வைத்திருந்தார். கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

சாமி அவர் அழுது முடிக்கட்டும் என்று விட்டார். ஆறுதல் சொல்லவில்லை. சுத்தியலை எடுத்துத் தன் வேலையைப் பார்த்தார். டொக், டொக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு, "அண்ணாச்சி, பயம் யாருக்கு?" என்றார்.

"செல்விக்குத்தான் சாமி. அவளுக்கு ஒண்ணு ஆயிருமோன்னு..."

சாமி தலை நிமிரவில்லை.

"பெட்டி எப்ப உங்க வீட்டுக்கு வந்துச்சு?"

"கார்த்திகையில."

"எப்பத் திறந்தீங்க?"

"மாசியில."

"நடுவுல ஏன் திறக்கல?"

"தோணல சாமி. கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு."

"மாசியில ஏன் தோணுச்சு?"

சௌந்திரபாண்டிக்குப் பதில் தெரிந்திருந்தது. அது தனக்குத் தெரியும் என்பதே இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வலது கை தானாக இடது விலாப்பக்கம் போய் அங்கே நின்றது.

"ஆஸ்பத்திரியில ஒருநா படுக்க வச்சுப் பார்த்தாங்க சாமி. அப்ப அந்த டாக்டர், எப்படிப் பண்ணுவோம்னு விளக்குறேன்னு பேனாவால இங்கயிருந்து இதுவரைக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினாரு. நல்ல மனுஷன். சிரிச்சுக்கிட்டேதான் காட்டினாரு."

"ம்."

"வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். கோடு போயிருச்சு. ஆனா எனக்கு அது இருந்துக்கிட்டே இருக்கு. சாப்பிடும்போது இருக்கு. படுத்தா இருக்கு. அறுத்து எடுக்கிறப்ப நான் எந்திரிக்காமயே போயிட்டா? சொல்லவும் முடியல. யார்கிட்டச் சொல்ல? பெத்த பிள்ளைக்குக் கொடுக்கப் பயப்படுறான்னு காறித் துப்ப மாட்டாங்களா? அன்னைக்கு மத்தியானம்தான் கட்டிலுக்கு அடியில கை விட்டுப் பெட்டிய இழுத்தேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்குத்தான் சாமி பயம். அவளுக்கு இல்ல. எனக்குத்தான்."

இதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்பது சாமிக்குத் தெரியும். அதனால் அவர் எழுந்து உள்ளே போய், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தார். சௌந்திரபாண்டி குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"கத்தின்னா பயம் வரத்தான் செய்யும்," என்றார் சாமி. "எனக்குப் பல்லுப் பிடுங்கவே பயம்."

சௌந்திரபாண்டி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

வெயில் ஏறியிருந்தது. மதுரைப் பக்கம் போகிற பஸ் தூரத்தில் ஒலியெழுப்பியது. அது மடத்து முக்குக்கு வந்து நின்று திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். சாமி பாயில் கிடந்த தாள்களைப் பொறுக்கி, வருஷம் பார்க்காமல் ஒன்றாகச் சேர்த்து, பெட்டியில் வைத்து மூடினார். சௌந்திரபாண்டி கையிலிருந்த வியாழக்கிழமைத் தாளைக் கேட்கவில்லை. அது அவர் கையிலேயே கசங்கிக்கொண்டிருந்தது.

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"என்ன?"

"நீங்க சொன்னது எல்லாம் சரி. தாளு வேஸ்ட் தாளு. வரி அவரு மகளைப் பத்தினது. எல்லாம் சரி. அப்படியும் அந்த வியாழக்கிழமை ஏதாச்சும் ஆயிட்டா? அவளுக்கோ, எனக்கோ?"

சாமி தகரப் பெட்டியை மெல்லத் தள்ளினார். அது கல் தரையில் உரசிக்கொண்டு வந்து சௌந்திரபாண்டியின் முழங்காலில் இடித்து நின்றது.

"ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. போய் ஏதாச்சும் ஆனா, அழுவோம். போகாம ஏதாச்சும் ஆனா, உங்களுக்கும் இப்படி ஒரு பெட்டி வேணும்."

சௌந்திரபாண்டி பெட்டியைப் பார்த்தார். தகரத்தில் சாக்பீஸால் எழுதிய தன் பெயரையே வெகுநேரம் பார்த்தார்.

பிறகு போனை எடுத்தார்.

"செல்வி, அப்பா பேசுறேன். டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லிறாத தாயி. எனக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல. இந்த பஸ்லயே வந்துடுறேன்."

"காய்ச்சல் இல்லையா? அப்ப உங்களுக்கு என்னதான்ப்பா ஆச்சு?"

"நேர்ல வந்து சொல்றேன் தாயி," என்றபடி எழுந்து முக்கை நோக்கி நடந்தார்.